ஈட்டுக்கு மூன்று சிப்ஸ்

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில், துண்டும் அரைக்கால் டவுசரும் விற்கிற கடைகளுக்கு நடுவே ஆறுமுகநயினாரின் நேந்திரங்காய் சிப்ஸ் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு யாரும் அங்கே வருவதில்லை. அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவனைத் தேங்காய் எண்ணெய் வாசனையே கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டி முன்னால் நிற்கிற நயினாருக்கு வயது நாற்பத்து நான்கு, எடை எண்பத்தொன்பது கிலோ. பசி என்று ஒன்று வந்ததாகவே அவருக்கு நினைவில்லை. அது வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுகிற மனிதர்.

அவருக்கு உலகத்தில் பயப்பட ஒரே ஆள் உண்டு. தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்த அக்கா ஆவுடையம்மாள், எட்டு வயது மூத்தவள். தினமும் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டியாலே?" என்பாள். சாப்பிட்டேன் என்றால், "தின்னே கெட்டுப் போ" என்று வைவாள். இல்லை என்றால், "இவ்வளவு நேரமா வயித்தைக் காயப்போட்டு என்னலே புடுங்குத?" என்று அதற்கும் வைவாள். இரண்டில் எதைச் சொன்னாலும் வசவு நிச்சயம் என்பதால் நயினார் உண்மையையே சொல்லிப் பழகிவிட்டார்.

போன வருஷம் தை மாதத்தில் அக்காவுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு வீங்கியது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது ஈரல் சுருங்கிப்போய்விட்டது என்றார்கள். ஆயுளில் ஒரு சொட்டு சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவளுக்கு ஈரல் கெட்டதைக் கேட்டு அந்தத் தெருவே மூக்கின்மேல் விரலை வைத்தது. ஆவுடையம்மாள் ரகசியமாக ஊற்றிக்கொள்கிறாளோ என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு படியும், சர்க்கரை வியாதி கூடச் சேர்ந்தால் அந்தக் கொழுப்பு வருஷக்கணக்கில் உள்ளே புண்ணாக்கித் தழும்பாக்கிவிடும், வலியே தெரியாது. இனி மருந்தில் ஆகாது, யாராவது சொந்தக்காரர் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தால்தான் அவள் பிழைப்பாள்.

அத்தானுக்குச் சர்க்கரை. மகளுக்கு இரத்த வகை சேரவில்லை. நயினாருக்குச் சேர்ந்தது. அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை, அதை மட்டும் சொல்லியே ஆகவேண்டும்.

"என்னோடத எடுத்துக்கிடுங்க டாக்டர். ஆள் சைசுக்கு ஈரலும் பெருசாத்தான் இருக்கும்" என்றார் பெருமையாக.

"பெருசா இருக்கும். அதுதான் பயமா இருக்கு" என்றார் டாக்டர்.

முன்பெல்லாம் ஈரலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நீள ஊசியை விலாவில் குத்திச் சதையைக் கொஞ்சம் எடுப்பார்களாம். இப்போது பெரும்பாலும் அது தேவையில்லை, காந்தப் படம் எடுத்தாலே எத்தனை சதவீதம் கொழுப்பு என்று எண்ணைச் சொல்லிவிடும் என்றார்கள். ஊசி இல்லை என்றதும் நயினாருக்கு உயிர் வந்தது. ஸ்டான்லி என்ற டெக்னீசியன் அவரை அந்தக் குழாய்க்குள் தள்ளினார். பாதி வயிறு உள்ளே போனதும் பலகை திணறியது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க சார். பிடிங்க. பிடிங்க. விடுங்க."

உள்ளே யாரோ தகரக் கொட்டகையைப் பிரித்து மேய்கிற சத்தம். நயினார் கண்ணை மூடிக்கொண்டு குற்றாலநாதரைக் கூப்பிட்டார்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கொழுப்பு இல்லாத இடம் நீலம், கூடக் கூட மஞ்சள் என்று விளக்கினார். நயினாரின் ஈரல் ஓரம் முதல் நடு வரைக்கும் மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

"பத்தொன்பது சதவீதம்" என்றார் டாக்டர். "நீங்க சாப்பிட்டதுல செலவாகாததையெல்லாம் உங்க ஈரல் கொழுப்பா மாத்தி மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கு. இது பத்துக்குக் கீழே வரணும். இப்படியே வெட்டினா உங்களுக்கு ஆபத்து, உங்க அக்காவுக்கும் அது வேலை செய்யாது. நல்ல செய்தி என்னன்னா, ஒழுங்கா இருந்தா இது சில வாரத்துலயே கரையும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம்."

நயினாருக்கு அவமானமாக இருந்தது. சட்டையைக் கழற்றாமலே தன் தீனி முழுவதையும் ஒரு மெஷின் பார்த்துவிட்டதே என்று கூசினார்.

உணவு ஆலோசனை சொல்ல ஹம்னா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மதுரைக்காரியாக இருந்தால் நயினார் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லித் தப்பியிருப்பார். அவளோ செங்கோட்டை பக்கத்து வடகரைக்காரி. குற்றாலத்தில் எந்தக் கடையில் பரோட்டாவுக்கு எத்தனை கரண்டி சால்னா ஊற்றுவார்கள் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"மறைக்காம சொல்லுங்க அண்ணாச்சி."

நயினார் மறைக்கவில்லை. காலை எட்டு இட்லி, பத்து மணிக்கு வடை, மத்தியானம் மூன்று தடவை சோறு, சாயங்காலம் பஜ்ஜி, இரவு பரோட்டா ஆறு, கோழி பொரித்தது ஒரு பிளேட். பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி குரல் தாழ்ந்து தாழ்ந்து போனது.

"சிப்ஸ்?"

நயினார் கையை ஆட்டினார். "சே! அது கடைச் சரக்கும்மா. அதை எவன் திம்பான்? இருபத்திரண்டு வருசமா மோந்து மோந்து பாத்தாலே கொமட்டுது."

அவள் குறித்துக்கொண்டாள். அவர் சொன்னது பொய் இல்லை. அருவிக்குக் கீழே நிறுத்திச் சத்தியம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஊருக்குத் திரும்பியதும் நயினார் செய்த தவத்தைக் குற்றாலம் இன்னும் பேசுகிறது. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறும் இரண்டு மடங்கு காயும், இரவு கேப்பைத் தோசை ஒன்றே ஒன்று. வாயில் போட்டதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தார். விடியுமுன் ஐந்தருவி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பினார். போகிற வழியில் டீக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்கள். மாலை போட்டிருக்கிறாயா என்றார் ஒருத்தர். சுகரா என்றார் இன்னொருத்தர். ஒரு கை குறைவாகத் தின்கிறவனை இந்த ஊர் சும்மா விடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தியாகம் ஒன்று உண்டு. அருவியில் குளித்தால் பசிக்கும், அதுவும் ஐந்து நிமிஷத்தில் ஆளையே தின்கிற பசி. அதனால் நயினார் அருவியில் குளிப்பதையே விட்டார். சாரல் தொடங்கி, எங்கெங்கோ இருந்து வேன் பிடித்து வந்து ஜனங்கள் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டார். "வீட்ல ஏதும் தீட்டா?" என்று பக்கத்துக் கடைக்காரர் அவர் மனைவி இராமலட்சுமியிடம் ரகசியமாகக் கேட்டார்.

ஒரு மாதம் கழித்து மதுரைக்கு ரயில் ஏறினார். வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக்காரர் ஏறி, பெட்டி முழுக்க இவர் ஒருவர்தான் வாங்குவார் என்று முடிவு செய்தவர் மாதிரி எதிரிலேயே நின்றுகொண்டார். நயினார் ஜன்னல் பக்கம் திரும்பி விருதுநகர் வரைக்கும் திரும்பவே இல்லை.

மறுபடி குழாய், மறுபடி மூச்சு. மறுபடி திரையில் அதே மஞ்சள்.

"பதினெட்டு" என்றார் டாக்டர்.

"காந்தம் ரிப்பேரா இருக்கும் டாக்டர். இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க."

டாக்டர் எடுக்கவில்லை. ஹம்னா நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். "இதுல இருக்கிறபடி நீங்க சாப்பிட்டிருந்தா இந்நேரம் பதிமூணுக்காவது வந்திருக்கணும். எங்கேயோ வேற வழியா உள்ள போவுது அண்ணாச்சி" என்றாள். வீட்டுக்காரி மேல் சத்தியம், கடை மேல் சத்தியம், கண் மேல் சத்தியம் என்று நயினார் வரிசையாகச் செய்து முடித்தார்.

அந்த வாரம் அக்காவும் அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாள், வயிற்றில் கட்டிய நீரை எடுப்பதற்காக. இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் உடம்பு தாங்காது என்று டாக்டர் அவளிடமும் சொல்லிவிட்டார். நயினார் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தார். அவள் மஞ்சள் பூத்த கண்ணால் தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி இரண்டு ஆகியும், அவர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நிற்பது தெரிந்தும், சாப்பிட்டியாலே என்று அவள் கேட்கவில்லை.

அதைத்தான் நயினாரால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும் ரயிலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தென்காசி வரைக்கும் அழுதார். தன் உடம்பே தன் அக்காவைக் கொல்லப்போகிறது என்று நினைத்து அழுதார்.

ஐந்தாம் நாள் பத்து மணிக்குக் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஆவுடையம்மாள் இறங்கினாள். எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தும் வந்திருந்தாள். யாரோ தம்பிக்குத் திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள், அது இராமலட்சுமியாகத்தான் இருக்கும் என்பது அவளுடைய தீர்மானம். கையும் களவுமாகப் பிடிப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் சும்மா இருந்துட்டுப் போறேன்."

நயினார் வேலையைப் பார்த்தார். சீசன் கூட்டம் வாசலில் நெருக்கியது. காயை எண்ணெய்க்கு மேலே பிடித்துச் சீவினார். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி விட்டதும் சட்டி சடசடவென்று பொங்கி மெல்ல அடங்கியது. ஜல்லிக்கரண்டியால் அள்ளித் தட்டில் கொட்டினார். மூன்று எடுத்தார். வாயில் போட்டார். தலையை ஆட்டினார். அடுத்த ஈட்டுக்குக் காயை எடுத்தார்.

ஆவுடையம்மாள் விரலை மடக்கினாள்.

அடுத்த ஈடு. மூன்று எடுத்தார், வாயில் போட்டார், தலையை ஆட்டினார். பத்து மணிக்கு உட்கார்ந்தவள் பதினொன்றரை வரைக்கும் அசையவில்லை. இரண்டு கை விரலும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏலே நயினாரு. வாய்ல என்ன?"

"எங்க?"

"உன் வாய்லலே!"

"ஒண்ணும் இல்லக்கா" என்றார் நயினார், மென்றுகொண்டே. அவர் முகத்தில் கள்ளம் துளி இல்லை.

"வாயைத் திற."

கூட்டத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் எட்டிப் பார்க்க, நாற்பத்து நான்கு வயது வியாபாரி வாயைத் திறந்து காட்டினார். உள்ளே அரைகுறையாக அரைபட்ட மூன்று சிப்ஸ் இருந்தது.

"இது என்னது?"

"இதுவாக்கா? இது பதம் பாக்குறது. வெந்திருக்கா, உப்பு புடிச்சிருக்கான்னு பாக்காண்டாமா? இது வேலைல்லா. திங்குறதுல சேராது."

ஆவுடையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். இராமலட்சுமியிடம் போனை வாங்கி மதுரைக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏ பிள்ளே ஹம்னா, இவன் ஒரு ஈட்டுக்கு மூணு சிப்ஸ் திங்கான். ஒரு நாளைக்கு அம்பது ஈடு போடுதான். கணக்குப் போட்டுச் சொல்லு."

போனில் கால்குலேட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, கால் கிலோவுக்கு மேல வருது" என்றாள் ஹம்னா. "நீங்க ரெண்டு ஆளு சாப்பாட்டை நோட்டுல எழுதாமச் சாப்பிட்டிருக்கீங்க. நான் சிப்ஸ் உண்டான்னு கேட்டேனே?"

"நான் எங்கம்மா சாப்பிட்டேன்? உக்காந்து சாப்பிட்டாத்தான சாப்பாடு? இது நின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்த நயினார் பாதியில் நிறுத்தினார். தட்டில் ஆறிக்கொண்டிருந்த சிப்ஸின் மேல் அவர் கண் போயிருந்தது. திரையில் பார்த்த மஞ்சள் அதுதான். இருபத்திரண்டு வருஷம் தினமும் பார்த்த நிறம் அப்போதுதான் பிடிபட்டது. சட்டிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும்லே, கோட்டிக்காரப் பயலே" என்றாள் ஆவுடையம்மாள். தம்பி பெண்டாட்டியை வைய வைத்திருந்தது எல்லாம் வீணாகிவிட்ட வருத்தம் அவள் குரலில் இருந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததை இராமலட்சுமி பார்த்தாள்.

அன்று மாலையே நயினாரின் வாய்க்குப் பூட்டு போடப்பட்டது. கொரோனா காலத்து முகக்கவசம் ஒரு கட்டு பரணில் கிடந்தது. சட்டி முன்னால் நிற்கிற நேரமெல்லாம் அதைப் போட்டே தீரவேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டாள். புத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. கைக்குப் புரியவில்லை. அது பாட்டுக்குத் தட்டிலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்த் துணியில் முட்டும். முதல் நாள் கடை சாத்தும்போது வாய் இருந்த இடத்தில் கவசம் எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தது. இராமலட்சுமி தினமும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அக்காவுக்குப் போனில் சொன்னாள். "இன்னைக்குக் கறை பெருசு மதினி." "இன்னைக்குப் பரவால்ல." மூன்றாம் வாரம் கவசம் சுத்தமாக வந்தது.

ஆனால் பதம் பார்க்காமல் சரக்கை எப்படி விற்பது? வேக்காட்டுக்கு நயினார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உடைத்தார். டக்கென்று கேட்டால் எடுக்கலாம், மந்தமாகக் கேட்டால் இன்னும் ஒரு கிண்டு. உப்புக்குக் காது உதவவில்லை. அதற்கு வாசலில் நிற்கிறவர்களைப் பிடித்தார். புனலூரில் இருந்தும் கொல்லத்தில் இருந்தும் வந்த ஆட்களின் கையில் மூன்று சிப்ஸைத் திணித்து, "சேட்டா, உப்பு மதியோ?" என்று கேட்டார். ஓசியில் கிடைத்த நியாயாதிபதி பதவியை யார் விடுவார்கள்? ஒருத்தர் மதி, போதும் என்றார், ஒருத்தர் போரா, போதாது என்றார், இரண்டு பேரும் வாக்குவாதம் முற்றி ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிப் போனார்கள். அந்தச் சீசனில் வியாபாரம் என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஏறியது. நயினாரின் எடை என்றைக்கும் இல்லாத அளவுக்கு இறங்கியது.

ஆறாவது வாரம் மறுபடி ரயில். இந்தத் தடவை பலகை திணறவில்லை. உள்ளே சத்தம் கேட்கத் தொடங்கியபோது நயினார் சாமியைக் கூப்பிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொரைஞ்சிரு, கொரைஞ்சிரு என்று தன் ஈரலிடமே கெஞ்சினார்.

டாக்டர் திரையைத் திருப்பினார். ஓரத்தில் ஒரு திட்டு பச்சை. மற்றதெல்லாம் நீலம்.

"ஏழு" என்றார் டாக்டர். "சாதிச்சிட்டீங்க."

நயினார் டாக்டரின் மேஜை மேலேயே கவிழ்ந்து அழுதார். ஸ்டான்லி உள்ளே ஓடிவந்து என்ன ஆச்சு சார் என்று பதறினார்.

மற்ற சோதனைகள், காகிதங்கள், கையெழுத்துகள் எல்லாம் முடிந்து ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோகும் முன் இரண்டு ஸ்ட்ரெச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆவுடையம்மாள் தம்பியின் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள். எதையோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நயினார் காத்திருந்தார்.

"சாப்பிட்டியாலே?" என்றாள்.

"ஆபரேசன் வச்சிருக்குக்கா. சாப்பிடக் கூடாது."

"மறந்துட்டேன்லே" என்றாள், கையை நீட்டி அவர் விரலைப் பிடித்தபடி. நர்சு வந்து பிரித்துவிடுகிற வரைக்கும் விடவில்லை.

இரண்டு பேரும் பிழைத்து எழுந்தார்கள். கொடுத்தவருக்கு மீதி ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னபடியே வளர்ந்தது. ஒரு வருஷம் கழித்து ஆவுடையம்மாள் சோதனைக்குப் போனபோது நயினாரையும் இழுத்துக்கொண்டு போனாள். தனக்கு எல்லாம் பார்த்து முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இவனுக்கும் அந்தக் காந்தப் படத்தை எடுத்துருங்க."

"அவர் நல்லாத்தானே இருக்கார்? அவருக்கு எதுக்கும்மா?"

"என்கிட்ட இருக்கது பாதிதான டாக்டர். மிச்சம் அவன்கிட்டல்லா கெடக்கு. அவன் அதை எப்படி வச்சிருக்கான்னு நான் பாக்காண்டாமா?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொடுத்தார். ஐந்து சதவீதம் வந்தது. ஆவுடையம்மாள் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் தன்னுடைய படத்தோடு ஒரே உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

காலை ஏழு மணி போன் இப்போதும் தவறுவதில்லை. கேள்விதான் மாறிவிட்டது.

"என் ஈரலுக்கு இன்னைக்கு என்னலே போட்ட?"

"ரெண்டு இட்லிக்கா."

"சட்னி?"

"தக்காளி."

"தேங்காய் கெடையாதே?"

"கெடையாதுக்கா."

"பொய் சொன்னன்னு வையி, மதுரைக்கு வண்டி ஏத்திருவேன்."

அக்கா கேட்காமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த மத்தியானத்தை நயினார் மறக்கவில்லை. அதனால் இந்தப் போன் வந்ததும் கடை வாசலுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பஜார் முழுக்கக் கேட்கட்டும் என்று வசவை முழுசாக வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பார்.